வராத வேனும் வாய்த்த பூங்காவும்

மனிதர் கட்டியெழுப்பும் பொழுதுபோக்கு இடங்களுள் கேளிக்கைப் பூங்கா அளவுக்கு முன்கூட்டியே யோசித்து வகுக்கப்படுவது வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. எந்தத் திருப்பத்தில் எது கண்ணில் பட வேண்டும், வரிசையில் நிற்பவர் எப்போது நிழலுக்குள் வர வேண்டும், களைத்த கால்கள் எந்த இடத்தில் தின்பண்டக் கடையைக் காண வேண்டும் என்பதெல்லாம் வரைபடத்திலேயே முடிவாகிவிடுகின்றன. 1955ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் அனாஹைம் நகரில் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்ட், ஒரே நுழைவாயில், அதிலிருந்து நேரே செல்லும் ஒரு தெரு, தெருவின் முடிவில் ஒரு கோட்டை, கோட்டையைச் சுற்றிப் பிரிந்து கிடக்கும் தனித்தனி உலகங்கள் என்ற அமைப்பை நிலைநாட்டியது. ராட்டினங்களை ஒரு மைதானத்தில் குவித்து வைக்காமல், ஒவ்வொரு பகுதியையும் ஒரு கதையையோ கருத்தையோ சுற்றி அமைக்கும் இவ்வகை கருப்பொருள் பூங்கா எனப்படும். அத்தகைய கதையிழை இன்றி ராட்டினங்களும் நீர் விளையாட்டுகளும் கொண்டவை கேளிக்கைப் பூங்காக்கள். தமிழ்நாட்டில் இரண்டுமே 'தீம் பார்க்' என்ற பெயரால் வழங்கிவிட்டமையால் இக்கட்டுரையும் அந்த வேறுபாட்டை வற்புறுத்தவில்லை.

இத்தனை திட்டத்தோடு அமைந்த ஓரிடத்திற்கு எந்தத் திட்டமும் இல்லாமல் குடும்பத்தோடு போய்ச் சேர்வது 1990களின் பிற்பகுதியில் சென்னைவாசிகளுக்கு அரிய செயலாக இருக்கவில்லை. முன்பதிவு என்ற பேச்சே இல்லை. வாயிலில் பணம் கட்டினால் உள்ளே போகலாம். தாம்பரத்தை அடுத்து கிஷ்கிந்தா இருந்தது; கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. தங்கக் கடற்கரையும், மேலும் தெற்கே முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். பூங்காவும் இருந்தன. டெல்லியின் அப்பு கர் 1984இலும் மும்பையின் எஸ்ஸல்வேர்ல்டு 1989இலும் திறக்கப்பட்டதை எண்ணிப் பார்த்தால், இந்தியாவில் இவ்வகைப் பூங்காக்கள் பரவத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே சென்னையின் நடுத்தரக் குடும்பங்களுக்கு அவை கைக்கெட்டும் தொலைவில் வந்துவிட்டன என்பது புலப்படும். திடீரென்று கிளம்பிப் போகக்கூடிய இடம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது முதலில் மின்சார ரயில் போகும் தொலைவில் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடலாகாது.

அக்காலத்தில் சைதாப்பேட்டையில் வாடகை வீட்டில் குடியிருந்த ஒரு குடும்பத்தின் நினைவுகளே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அக்குடும்பத்தில் இக்கட்டுரையாளரும் அவருடைய தங்கையும் பள்ளிப் பிள்ளைகள். தந்தை அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் பணிபுரிந்தவர். தாய் வீட்டை நடத்தியவர். இவர்களோடு, விழுப்புரம் வட்டாரத்திலிருந்து வந்து மகனோடு தங்கிவிட்ட ஆயாவும் இருந்தார். ஆயா என்பது அவ்வட்டாரத்தார் பாட்டியை அழைக்கும் முறை. சென்னைப் பள்ளியில் அது வேறு பொருள் தந்ததால் பிள்ளைகள் நண்பர்கள் முன்னிலையில் 'பாட்டி' என்றும் வீட்டுக்குள் 'ஆயா' என்றும் கூப்பிட்டு வந்தனர்.

ஒரு கோடை விடுமுறையில் குடும்பம் போவதாக இருந்த இடம் பூங்கா அன்று. திண்டிவனத்திற்கு அப்பால் ஏரிக்கரையில் அமர்ந்திருக்கும் அய்யனாரே அவர்களுடைய குலதெய்வம். அவருக்குப் பொங்கலிட்டு இளைய பிள்ளைக்குக் காது குத்திய கடனைத் தீர்க்க, வில்லிவாக்கத்துச் சித்தப்பா குடும்பத்தோடு சேர்ந்து ஒரு வேன் பேசியிருந்தார்கள். ஞாயிறு விடியற்காலையில் வர வேண்டிய வேன் வரவில்லை. கீழ்வீட்டுத் தொலைபேசிக்குச் சித்தப்பா அழைத்து, வேனின் கிளட்ச் போய்விட்டது, வேறு வண்டி கிடைக்கவில்லை, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தெரிவித்தார். சொந்தத் தொலைபேசி இல்லாதவர்கள் அண்டை வீட்டாரின் எண்ணை 'பி.பி. நம்பர்' என்று குறிப்பிட்டுக் கொடுப்பது அன்று வழக்கம். அத்தகைய அழைப்பில் செய்தி சுருக்கமாகவே வரும் என்பதாலும், கீழ்வீட்டார் காத்திருக்க வைக்கப்படுகிறார்கள் என்ற கூச்சத்தாலும், அடுத்து என்ன செய்வது என்று யாரும் கலந்து பேசவில்லை.

செய்தி வந்தபோது வீடு இருந்த நிலை இங்கு முக்கியமானது. தாய் விடியலுக்கு வெகு முன்பே எழுந்து புளியோதரையும் தயிர்சாதமும் கிளறி, தூக்குவாளிகளில் அடைத்து, உருளைக்கிழங்கு வறுவலைத் தனியே வாழையிலையில் மடித்து, நூல் சுற்றி வைத்திருந்தார். தங்கை பட்டுப்பாவாடையில், தலை நிறையக் கனகாம்பரத்தோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வேன் வாடகையில் தங்கள் பங்கும் பொங்கல் செலவுக்கான தொகையும் தந்தையின் சட்டைப்பையில் இருந்தன. அதாவது ஒரு பயணத்துக்கு வேண்டிய சோறும் உடையும் பணமும் விடுப்பும் தயாராக இருந்தன. போகும் இடம் மட்டும் இல்லாமல் போயிற்று. குடும்பங்கள் 'திடீரென்று கிளம்பினோம்' என்று பின்னாளில் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பயணங்களைக் கூர்ந்து நோக்கினால், அவற்றுள் பல, கைவிடப்பட்ட வேறொரு திட்டத்தின் மிச்சத்தில் நடந்தவையாகவே இருக்கும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

தங்கை அழத் தொடங்கியபோது ஆயாதான் வாய் திறந்தார். "கட்டுன சோத்தை வெச்சிக்கிட்டு வீட்ல உக்காந்து தின்னுவாங்களா? புள்ளைங்கள எங்கனா இட்டுக்கினு போடா" என்று அவர் மகனிடம் சொன்னதைத்தான் அக்குடும்பத்தில் அன்றைய பயணத்துக்கான அனுமதி என்று கொள்ள வேண்டும், ஏனெனில் குலதெய்வத்துக்கென்று எடுத்த அடியை வேறிடத்துக்குத் திருப்பும் உரிமை மூத்தவருக்கே உண்டு. தாய் அதற்கும் ஒரு முறை செய்தார். ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தின் முன் வைத்து, பயணம் தள்ளிப்போனதே தவிர வேண்டுதல் கைவிடப்படவில்லை என்பதற்கு அடையாளமாக்கிய பின்னரே அவர் செருப்பு மாட்டினார். கிஷ்கிந்தா என்ற பெயரைச் சொன்னவர் யார் என்பதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் இன்றுவரை உடன்பாடு இல்லை.

தாம்பரம் வரையிலான பயணத்துக்கு முன்னேற்பாடு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டிலேயே மின்மயமாக்கப்பட்ட மீட்டர்கேஜ் பாதை, அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலமே உள்ள குறுகிய பாதை, அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சேவை 2004இல்தான் முடிவுக்கு வந்தது. சீட்டு வாங்கி அடுத்த வண்டியில் ஏறினால் போதும் என்ற இந்த ஏற்பாடுதான் எத்தனையோ குடும்பங்களின் திடீர் முடிவுகளைத் தாங்கி நின்றது. மனம் மாறினால் பழவந்தாங்கலிலோ பல்லாவரத்திலோ இறங்கி எதிர்த்திசை வண்டியில் திரும்பலாம் என்னும் வசதியும் அதில் அடங்கியிருந்தது; தந்தை மீனம்பாக்கம் வரை அந்த வசதியைப் பயன்படுத்தலாமா என்ற யோசனையில் இருந்ததாகப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

கிஷ்கிந்தாவைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். 1995இல் அதைத் தொடங்கியவர் நவோதயா அப்பச்சன். மலையாளத் திரையுலகில் பெரும் முயற்சிகளுக்குப் பெயர்பெற்ற அத்தயாரிப்பாளரின் நிறுவனம் 1984இல் வெளியிட்ட 'மை டியர் குட்டிச்சாத்தான்', இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படம் ஆகும். இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு பிம்பங்களைக் காட்டி, திரையிலிருந்து பொருள்கள் எழுந்து வருவதான தோற்றத்தை உண்டாக்கும் முறையே முப்பரிமாணம் எனப்படுகிறது. அப்படத்தின் பாட்டு ஒன்றில் குழந்தைகள் சுவரிலும் கூரையிலும் நடந்து போவார்கள். அக்காட்சிக்காக ஓர் அறை முழுவதையும் பொருள்களோடு சேர்த்துச் சுழலும்படி அமைத்து, படக்கருவியையும் அறையோடு சுழலவிட்டுப் படமெடுத்தார்கள். சுழலும் அந்த அறையை ராட்டினம் என்று சொல்லிவிடத் தடையேதும் இல்லை. திரையரங்கில் இருக்கையில் உட்கார்ந்தபடி கண்டு வியந்ததை உடம்பால் உணரச் செய்யும் அடுத்த முயற்சியாகவே அப்பச்சனின் பூங்காவைக் கருத இடமுண்டு. இராமாயணத்து வானரர்களின் தலைநகர்ப் பெயரை அதற்குச் சூட்டியதும் பொருத்தமே. உள்ளே நுழைந்த பிள்ளைகளிடம் அதற்குக் குறைந்த நடத்தையை எதிர்பார்க்க முடியவில்லை.

வெளி உணவை உள்ளே எடுத்துச் செல்ல விடமாட்டார்கள் என்று ஆட்டோவில் வரும்போதே யாரோ சொல்லிவிட்டதால், தாய் அதைச் சோதித்துப் பார்க்கவும் முற்படாமல், வாயிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு மரத்தடியில் குடும்பத்தை உட்கார வைத்து, காலைச் சிற்றுண்டி நேரம் கடந்து மதிய உணவு நேரம் வராத அந்த இடைவேளையில் அனைவரையும் புளியோதரை உண்ணச் செய்தார். அதே வரிசையில் வேறு குடும்பங்களும் இதே காரணத்தால் உண்டுகொண்டிருந்தன. ஊறுகாய் இல்லாத குடும்பத்துக்கு ஊறுகாயும், தண்ணீர் குறைந்த குடும்பத்துக்குத் தண்ணீரும் கைமாறின. பட்டுப்பாவாடையில் வந்திருந்த ஒரே பிள்ளை தங்கைதான் என்பதால், அவளுக்கு அன்று பிறந்தநாளா என்று பலரும் விசாரித்தனர். இல்லை என்று சொல்லி அலுத்துப்போன ஆயா, நாலாவதாகக் கேட்டவரிடம் ஆம் என்று சொல்லி, தங்கைக்கு ஒரு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்துவிட்டார்.

பொருட்காட்சியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பூங்காவின் கட்டண முறையே முதல் வியப்பாக அமைந்தது. தைப் பொங்கலை ஒட்டித் தீவுத்திடலில் நடக்கும் சுற்றுலாப் பொருட்காட்சியில் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனிச்சீட்டு. தந்தை கையில் எடுத்து வைத்த தொகைக்குள் எதில் ஏறுவது, எதை விடுவது என்ற கணக்கு ராட்டினத்தைவிடத் தலைசுற்ற வைக்கும். பூங்காவிலோ ஒரு தொகையைக் கட்டிவிட்டால் பெரும்பாலானவற்றில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். டிஸ்னிலேண்டிலும்கூடத் தொடக்கத்தில் ராட்டினங்களைத் தரம்பிரித்து, எழுத்திட்ட சீட்டுகளைப் புத்தகமாக விற்றார்கள். அம்முறை 1982இல்தான் முற்றிலும் கைவிடப்பட்டது. ஒரே கட்டணம் வந்தவுடன் குடும்பத்தின் சிக்கனம் பணத்திலிருந்து நேரத்துக்கு இடம் மாறிவிடுகிறது. கட்டிய காசுக்கு ஈடாக எல்லாவற்றிலும் ஏறிவிட வேண்டும் என்ற வைராக்கியம் அதுவரை ராட்டினத்தின் பக்கமே போகாத தந்தையையும் பற்றிக்கொண்டது. கணக்குப் பிரிவு ஊழியரான அவர், ஒரு சவாரிக்கு எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதை ஒவ்வொரு முறை இறங்கியதும் வகுத்துச் சொல்லி, அந்த எண் குறையக் குறைய மகிழ்ந்தார்.

சவாரிகளுக்குச் சென்னை மக்கள் வழங்கும் பெயர்களே தனி. மின்சாரத்தில் ஓடி ஒன்றையொன்று மோதும் சிறு வண்டி 'டாஷிங் கார்'. கடிகாரப் பெண்டுலம் போல முன்னும் பின்னும் ஊசலாடும் பெரிய படகு 'கொலம்பஸ்'. சுழலும் கைகளின் முனையில் ஏறி இறங்கும் இருக்கைகள் 'டோரா டோரா'. டாஷிங் காரின் பின்னால் நிமிர்ந்து நிற்கும் கம்பியின் முனை, கூரையில் விரித்த இரும்பு வலையைத் தொட்டு மின்சாரத்தை எடுக்க, தரையின் தகடு வழியாகச் சுற்று முழுமையடைகிறது. கம்பி வலையில் உராயும் இடத்தில் பொறி பறப்பதும், அதனால் எழும் காரமான வாடையும் அக்காலப் பிள்ளைகள் மூக்கில் இன்றும் நிற்பவை. கொலம்பஸ் ஊசலாடுவது தானாக அன்று. படகின் வயிற்றுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ரப்பர் சக்கரம் படகு தன்னைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அதைத் தள்ளிவிட்டு வேகமூட்டுகிறது. கடைசி வரிசையில் அமர்ந்தவரே மிக உயரத்துக்குச் செல்வார். உச்சியில் படகு ஒரு கணம் நின்று திரும்பும்போது உடலின் எடை இருக்கையை விட்டு நீங்கினாற்போலத் தோன்ற, அடிவயிற்றில் எழும் அந்தக் கூச்சத்துக்குத் தமிழில் ஆளுக்கொரு சொல் உண்டு. தந்தை அக்கணத்தில் கந்தர் சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த அடியில் தொடங்கினார் என்பது தெரியவில்லை, ஆனால் படகு நிற்பதற்குள் முடித்துவிட்டார்.

ஆயாவின் நிலை இதற்கு நேர்மாறானது. 1893இல் சிகாகோ கண்காட்சிக்காக ஜார்ஜ் பெர்ரிஸ் என்னும் பொறியாளர் 264 அடி உயரத்தில் இரும்புச் சக்கரம் ஒன்றை நிறுவியதிலிருந்து 'ஜயண்ட் வீல்' உலகெங்கும் பரவியதாக நூல்கள் கூறும். ஆயா அந்நூல்களைப் படித்தவரல்லர். ஊர்த் தேர்த்திருவிழாவில், நாலு மரப்பெட்டிகளைத் தாங்கிய ராட்டினத்தை ஆட்கள் தோளால் உந்திச் சுற்றிவிட, அதில் வயிறு நிறையக் கம்பங்கூழோடு சுற்றி வந்தவர். ஆதலின் இயந்திரம் சுற்றும் சக்கரத்தில் அவருக்கு அச்சம் எழவில்லை. உச்சியில் வண்டி நின்றபோது அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நாலாபுறமும் பார்த்து, ஏரி எந்தப் பக்கம், தாம்பரம் ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று பேரனிடம் கேட்டார். இறங்கிய பிறகு அவர் கூறிய குறை ஒன்றே: தள்ளுகிற ஆள் தெரிந்தவனாக இருந்தால் இன்னும் ரெண்டு சுற்று விடுவான், இந்த மோட்டாருக்கு முகம் தெரியாது.

திட்டமின்மையின் உண்மையான விலை தெரிந்த இடம் அலைக்குளம். கடலலை போன்ற அலைகளைச் செயற்கையாக எழுப்பும் இக்குளத்தின் ஆழமான முனையில், சுவருக்குப் பின்னால் அடைத்த அறைகள் உண்டு. பெரிய காற்றூதிகள் அந்த அறைகளுக்குள் காற்றைச் செலுத்த, உள்ளிருக்கும் நீர் அழுத்தத்தால் கீழிறங்கி வெளியே தள்ளப்படுகிறது. அழுத்தத்தை விட்டவுடன் நீர் மீண்டும் ஏறுகிறது. இவ்வாறு மாறி மாறி அழுத்துவதும் விடுவதும் குளத்தின் இயல்பான ஊசலோடு ஒத்துப்போகும்போது அலை உருவாகிச் சாய்வான ஓரத்தில் வந்து உடைகிறது. அலை தொடங்குவதற்குச் சங்கு ஊதுவார்கள். ஊதியவுடன் குளத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் எழும் கூச்சல், மெரினாவில் ஒருபோதும் கேட்காதது. கடலில் அலைக்கு நேரம் குறித்துக் காத்திருக்க யாருக்கும் வாய்ப்பில்லை அல்லவா.

நீர்ப் பூங்காக்களில் பருத்தி உடையோடு குளத்தில் இறங்கக் கூடாது என்பது பொதுவான விதி. பருத்தியின் நார் பிரிந்து நீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டிகளை அடைத்துவிடும், நனைந்த சேலை காலைச் சுற்றி ஆபத்தாகும் என்பவை அதற்கான காரணங்கள். பூங்காவுக்கென்று கிளம்பிய குடும்பங்கள் நைலான் உடைகளைப் பையில் கொண்டுவந்திருந்தன. அய்யனாரைப் பார்க்கக் கிளம்பிய குடும்பத்தின் பையில் இருந்தவை ஒரு தேங்காய், கற்பூரம், வெற்றிலை, ஒரு ஜமுக்காளம். ஆகவே வாடகைக்கு உடை வாங்க நேர்ந்தது. தந்தைக்குக் கிடைத்த கால்சட்டை அவரை இருமுறை சுற்றும் அகலம் உடையது; அதைத் தாய் தம் சேலையிலிருந்து எடுத்துக் கொடுத்த ஊக்கு ஒன்றே தாங்கியது. தங்கையின் பட்டுப்பாவாடை மடிக்கப்பட்டு வெற்றிலைக்கு அருகில் இடம்பெற்றது.

தாய் குளத்தில் இறங்கவில்லை. வாடகை உடையை அவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். யாரோ உடுத்திய உடை என்ற தயக்கமா, மாமியாரும் அந்நியரும் இருக்கும் இடத்தில் அத்தகைய உடையில் நிற்கக் கூசியதா என்பதை அவர் விளக்கவில்லை. அக்காலத்தில் யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை. குளத்தின் ஓரத்தில், செருப்புகளும் கைக்கடிகாரமும் பணமும் தூக்குவாளியும் சூழ ஜமுக்காளத்தில் அமர்ந்து, அலை வரும்போது மட்டும் கணுக்கால்வரை நனைய விட்டார். அத்தகைய குளங்களின் விளிம்பில் பைகளைக் காத்தபடி அமர்ந்திருந்த பெண்களின் வரிசையை, அந்நாள்களில் பூங்காக்களுக்குச் சென்ற எவரும் நினைவுகூர முடியும். இன்று அக்காட்சி பெரிதும் குறைந்துவிட்டது. பாட்டிமாரும் நைலான் உடையில் இறங்குகிறார்கள். உல்லாசப் பயணம் குறித்து எழுதுவோர் பலரும் இயந்திரங்களைப் பற்றியே எழுத, குளத்தில் இறங்கிய பெண்களின் எண்ணிக்கையில் ஏற்பட்ட இந்த மாற்றம்தான் இப்பூங்காக்களின் வரலாற்றில் எழுதத்தக்க முதல் செய்தி என இக்கட்டுரையாளருக்குத் தோன்றுகிறது.

வி.ஜி.பி. தங்கக் கடற்கரைக்கான பயணமும் இதே வகையில்தான் வாய்த்தது. அதன் பின்னணியில் இருந்த திட்டம் ஒரு திருமணம். திருவான்மியூரில் ஓர் உறவினர் வீட்டுக் கல்யாணம். காலை முகூர்த்தம் என்றால் தாலி கட்டி, பந்தி முடிந்து, பதினோரு மணிக்கெல்லாம் கையில் தாம்பூலப் பையோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். தமிழ்நாட்டில் காலை முகூர்த்தங்கள் அளவுக்கு நடுத்தரக் குடும்பங்களுக்கு முழுப் பகலை இலவசமாக வழங்கிய ஏற்பாடு வேறில்லை எனலாம். குடும்பம் முழுவதும் பட்டில் இருந்தது, வயிறு நிறைந்திருந்தது, மாமல்லபுரம் போகும் பேருந்து அந்த வழியாகத்தான் வந்தது.

வானொலி, கடிகாரம் முதலிய வீட்டுப் பொருள்களைத் தவணை முறையில், அதாவது மாதந்தோறும் சிறு தொகையாகக் கட்டித் தீர்க்கும் வகையில் விற்று, தமிழ்நாட்டின் எளிய குடும்பங்களிடையே பெயர்பெற்றவர் வி.ஜி. பன்னீர்தாஸ். அவரும் அவருடைய சகோதரர்களும் வளர்த்த நிறுவனத்துக்குச் சொந்தமானது அக்கடற்கரைப் பூங்கா. கடலும் சிலைகளும் ராட்டினங்களும் சேர்ந்த அவ்விடத்தில் எண்ணற்ற திரைப்படப் பாடல்கள் படமாக்கப்பட்டமையால், உள்ளே நுழையும் எவருக்கும் முன்பே வந்து போன இடம் போன்ற உணர்வு ஏற்படும். ஆயினும் அதன் பெரும் ஈர்ப்பு ஓர் இயந்திரமும் அன்று, சிலையும் அன்று. அரண்மனைக் காவலர் போன்ற உடையில், தலைப்பாகையும் மீசையுமாக, மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும் சிலை மனிதர் அவர். அவரைச் சிரிக்க வைக்க வருகையாளர்கள் முகத்தைக் கோணியும் ஆடியும் வேடிக்கைப் பேச்சுப் பேசியும் முயல்வதும், அவர் அசையாதிருப்பதும், தலைமுறைகளாக அங்கு நடந்துவரும் விளையாட்டு.

பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த கோணங்கித்தனம் அனைத்தையும் செய்து தோற்றார்கள். தந்தை தம் அலுவலகத்து நகைச்சுவை ஒன்றைச் சொல்லிப் பார்த்தார். அதற்கு அவருடைய குடும்பத்தாரே சிரிக்கவில்லை என்பதால் அதை முயற்சியாகக் கொள்ள இயலாது. கடைசியாக ஆயா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், அந்த மனிதரின் கால்களைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏன் ராசா, காலு கடுக்கல? செத்த நாழி குந்தேன், நாங்க யாரும் சொல்லமாட்டோம்" என்றார். சுற்றியிருந்தவர்கள் அனைவரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, ஆயாவும் அவரைச் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. தாம்பூலப் பையைத் திறந்து இரண்டு வாழைப்பழங்களை எடுத்து அவர் காலடிக்கருகே வைத்து, வேலை முடிந்ததும் தின்னச் சொல்லிவிட்டு வந்தார். கண்ணிமை அசைந்தது என்று தங்கை சாதிப்பாள்; அது வெற்றியாகக் கொள்ளத்தக்க அசைவாகுமா என்பது பற்றி அவளுக்கும் அண்ணனுக்கும் இடையே நீண்ட வழக்கு உண்டு.

தேங்காயோடு ராட்டினத்தில் ஏற விடமாட்டார்கள் என்பதால் தந்தை அன்று முழுவதும் தாம்பூலப் பைகளைச் சுமந்து கீழே நிற்க நேர்ந்தது. பைகளைக் காக்கும் வேலை தாயிடமிருந்து அவருக்கு மாறிய அன்று, தாய் தங்கையோடு டோரா டோராவில் ஏறினார். பட்டுச் சேலையில், கொண்டையில் மல்லிகையோடு, கம்பியை இறுகப் பற்றி, கண்களைத் திறந்தே வைத்திருந்தார். இறங்கியதும் எதுவும் பேசாமல் வரிசையின் கடைசியில் போய் மறுபடியும் நின்றுகொண்டார்.

இப்போது நிலைமை வேறு. கொச்சியில் 2000ஆம் ஆண்டில் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் வொண்டர்லா எனப் பெயர்கொண்ட நிறுவனம், பெங்களூரு, ஐதராபாத், புவனேசுவரம் ஆகிய நகரங்களைக் கடந்து 2025 டிசம்பரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் சென்னைக்கான பூங்காவைத் திறந்திருக்கிறது. நுழைவுச்சீட்டைக் கைப்பேசியிலேயே, நாளைக் குறிப்பிட்டு வாங்கிவிடலாம். இந்த மாற்றம் உலகளாவியது. டிஸ்னி பூங்காக்கள் 2016இல் கூட்டம் மிகுந்த நாளுக்கு ஒரு விலை, குறைந்த நாளுக்கு ஒரு விலை என ஒருநாள் சீட்டின் விலையைப் பிரித்தன. கொரோனா நோய்த்தொற்றுக் காலத்திலிருந்து புளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்காக்களுக்குள் நுழைய, சீட்டு வாங்குவதோடு நில்லாமல், எந்த நாளில் எந்தப் பூங்கா என்று தனியே பதிவு செய்தாக வேண்டிய நிலை 2024 தொடக்கம் வரை நீடித்தது. வரிசையில் காத்திருக்காமல் முன்னே செல்வதற்கும் இன்று தனிக்கட்டணம் உண்டு. முன்கூட்டியே முடிவெடுப்பவருக்குச் சலுகையும், கடைசி நேரத்தில் முடிவெடுப்பவருக்குக் கூடுதல் செலவும் என்ற வணிக முறை, திடீர்ப் பயணத்தை வசதி படைத்தவர்களின் விளையாட்டாக மெல்ல மாற்றிவருகிறது. சைதாப்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் கிளம்பிய குடும்பத்துக்கு நேர்மாறான நிலை இது. வேன் பழுதானதால் மிஞ்சிய தொகையில் ஐந்து பேர் வாயிலில் போய் நிற்பது இன்று அவ்வளவு எளிதன்று.

ஆனால் அன்றைக்கும் அது எளிதாக இருந்தது என்று சொல்வதில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. கிஷ்கிந்தாவிலிருந்து திரும்பிய வாரத்திலேயே தாய், ரங்கநாதன் தெருவுக்குப் போய் எல்லோருடைய அளவுக்கும் நைலான் உடைகள் வாங்கி, அவற்றோடு இரு துண்டுகள், ஊக்குகள், ஒரு புதினா மாத்திரை அட்டை, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் உறை ஆகியவற்றையும் சேர்த்து ஒரு கட்டைப்பையில் போட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தார். தம் அளவுக்கும் ஓர் உடை அதில் இருந்தது. பிள்ளைகள் வளர வளர உடைகளின் அளவு மாறியது. பை அதே இடத்தில் இருந்தது. பிற்காலத்தில் கோவைக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போன இடத்தில், மேட்டுப்பாளையத்துக்கு அருகில் நீலகிரி அடிவாரத்தில் இருக்கும் பிளாக் தண்டருக்குப் போகலாம் என்று தந்தை திடீரென்று அறிவித்தபோது அந்தப் பை பெட்டியின் அடியிலிருந்து வெளியே வந்தது. தந்தைக்கு அதில் வியப்பேதும் எழவில்லை. எழ வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை. ஓய்வு பெற்ற பின்னும், வீட்டுக்கு வரும் உறவினர்களிடம், "எங்க வீட்ல பிளானே கெடையாது, தோணுச்சுன்னா கெளம்பிடுவோம்" என்று அவர் சொல்ல, அடுக்களையிலிருந்து அதற்கு மறுப்பு வந்ததில்லை.